ஒப்பந்தத்தின் முதலாம் பிரிவு

1982 பெப்ரவரி 9

ஸ்டாஃப் ரூமில் இன்றும் அதே கேள்வி. ஜப்பானைப் பற்றி எழுதுகிறீர்களாமே டீச்சர், ரேடியோவைப் பற்றியா, மோட்டார் சைக்கிளைப் பற்றியா? கேட்டுவிட்டு அவர்களே சிரிக்கிறார்கள். நானும் சிரித்துவைத்தேன். இரண்டு வருடமாகச் சிரித்து வாய் நோகிறது.

நான் எழுதுவது வேறு. நூறு வருடத்துக்கு முன்பு ஜப்பானில் சில பேர் இருந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். உலகம் மாறிக்கொண்டிருந்தது. அவ்வளவு பெரிய சீனாவையே வெள்ளைக்காரன் பணியவைத்துவிட்டான், இனி நாம் எப்படித் தப்புவது என்ற பயம். ஒரு நாடு சுதந்திரமாக இருப்பதென்றால் என்ன? அதில் இருக்கிற ஆள் அடிமைப் புத்தியோடு இருந்தால் நாடு மட்டும் நிமிர்ந்து நிற்குமா? இதைத்தான் பேராதனைப் பல்கலைக்கழகத்துக்கு முதுமாணிப் பட்ட ஆய்வாக எழுதுகிறேன். கல்முனைக்குடியில் அரசறிவியல் படிப்பிக்கிற ஒரு பொம்பிளை இதை எழுதி யாருக்கு என்ன என்று கேட்கலாம். ஆனாலும் விட மனமில்லை.

றாஹிலாவின் உயர்தரப் பெறுபேறு வந்துவிட்டது. இரண்டு பாடம் போய்விட்டது. எனக்கு இருக்கிற ஒரே தங்கச்சி, என்னிடமே படித்தவள். அவள் அழவில்லை. தையல் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தாள். அதுதான் எனக்கு எரிகிறது.

பெப்ரவரி 21

அக்கரைப்பற்றிலிருந்து எங்கள் மூத்த சகோதரர் அச்சிமுகம்மது காக்கா வந்தார். வாப்பா மவுத்தான பிறகு இந்தக் குடும்பத்தில் எதற்கும் அவர்தான் வாய். றாஹிலாவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறதாம். நற்பிட்டிமுனை, ஆதம்பாவா என்று பெயர், சொந்த வயல், நல்ல பழக்கமுள்ள பொடியன். ஒரே ஒரு விசயம், வீடு.

அது தெரிந்த விசயம்தானே. நம் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். பெண்ணுக்கு வீடில்லாவிட்டால் கலியாணப் பேச்சே இல்லை. எனக்குக் கலியாணம் நடந்தபோது றாஹிலா சிறுபிள்ளை. அதனால் உம்மா வீட்டையும் அது நிற்கிற வளவு முழுவதையும் என் பெயருக்கே எழுதிவிட்டார். பாதி வளவு சின்னவளுக்கு என்று வாய்ச்சொல். அதை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போது அந்தப் பாதியை எழுதிக்கொடு, வீட்டுக்கு அத்திவாரம் போடுவோம் என்கிறார் காக்கா.

சொல்லிவிட்டேன். ஓகஸ்ட் சோதினையை மறுபடி எழுதட்டும். பாஸ் பண்ணட்டும். பண்ணின அடுத்த நாளே கையெழுத்து வைக்கிறேன்.

காக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது. உம்மா வெற்றிலையை மடித்தபடி இருந்தார். இவர் – தபால் கந்தோரால் வந்து சாய்மனைக் கதிரையில் கிடந்த என் வீட்டுக்காரர் – வாயே திறக்கவில்லை. பிறகு கேட்டதற்கு, "உன்ட வளவு, உன்ட தங்கச்சி. நான் இஞ்ச வந்து இரிக்கிற ஆள்" என்றார். பதின்மூன்று வருடமாக இதே பாட்டு.

பெப்ரவரி 22

நான் சொன்னது சரிதான்.

மார்ச் 14

நேற்றும் இன்றும் நல்ல வேலை ஓடியது. மூன்றாம் அத்தியாயம், சமமில்லாத ஒப்பந்தங்கள். வெள்ளைக்கார நாடுகள் ஜப்பானோடு செய்துகொண்டவை. ஜப்பான் மண்ணில் வெள்ளைக்காரன் குற்றம் செய்தால் ஜப்பான் நீதிமன்றம் அவனை விசாரிக்க முடியாது. துறைமுகத்தில் என்ன தீர்வை வாங்குவதென்று ஜப்பான் தானாகத் தீர்மானிக்க முடியாது. திருத்துங்கள் என்று கேட்டால் பதில் என்ன தெரியுமா? உங்கள் சட்டம் இன்னும் பக்குவப்படவில்லை. முதலில் திருந்துங்கள், பிறகு பார்ப்போம். எந்தப் பக்குவம், யார் அளப்பது? அளப்பவனும் அவன்தான். முப்பது நாற்பது வருடம் அந்த நாட்டை இப்படி வாசலில் நிற்கவைத்தார்கள்.

எழுதும்போது கோபம் வந்தது. ஆய்வு நடையில் இல்லை, திருத்த வேண்டும்.

மார்ச் 29

பேராதனைக்குப் போய் மேற்பார்வையாளரைக் கண்டு கதைக்க வேண்டும். அதிபர் ஒரு மாதிரி லீவு தந்துவிட்டார். காக்கா விடவில்லை. "பொம்பிளைப் புள்ள தனிய பஸ்ஸில போறதா? ஊர் என்ன கதைக்கும்? பொறு, ஆள் தேடித்தாறன்." எனக்கு முப்பத்துநான்கு வயது. எத்தனை பேருடைய பிள்ளைகளைப் படிப்பித்து அனுப்பியிருக்கிறேன். என் வீடு, என் சம்பளம். ஆனால் மகியங்கனை மலையை ஏற எனக்கு ஒரு காவல் வேண்டும்.

உலக யுத்தத்துக்குப் பிறகு ஜப்பானில் நடந்த வாதத்தைக் கடைசி அத்தியாயத்தில் எழுத இருக்கிறேன். இன்னொருத்தனின் பாதுகாப்பில் இருக்கிற நாட்டைச் சுதந்திர நாடென்று சொல்லலாமா? ஒரு கூட்டம் சொல்லலாம் என்றது, ஒரு கூட்டம் அது வெட்கக்கேடு என்றது. இரண்டு கூட்டத்தையும் காக்கா முன்னால் கொண்டுவந்து இருத்த வேண்டும்.

ஏப்ரல் 6

கடைசியில் உம்மாவைக் கூட்டிக்கொண்டு போனேன். உம்மா வழி நெடுக வாந்தி. காவல் காக்க வந்தவரை நான்தான் தாங்கிப்பிடித்துக்கொண்டு போய் வந்தேன். மூன்றாம் அத்தியாயத்தைக் கொடுத்தாயிற்று.

ஏப்ரல் 30

றாஹிலாவுக்கு நேர அட்டவணை போட்டுச் சுவரில் ஒட்டினேன். சுபஹுத் தொழுகைக்குப் பிறகு பொருளியல், பின்னேரம் அரசறிவியல். இருக்கிறாள், புத்தகத்தை விரிக்கிறாள், கண் எங்கேயோ இருக்கிறது. கேள்வி கேட்டால் சரியாகப் பதில் சொல்கிறாள். அதுதான் ஆத்திரம், மண்டையில் ஒன்றும் இல்லாத பிள்ளை என்றால் நான் எப்போதோ விட்டிருப்பேன்.

எனக்குப் பிள்ளை இல்லை. இவளை இடுப்பில் தூக்கித் திரிந்தவள் நான். இவளும் ஒரு குசினிக்குள் போய்ப் புகுந்து, நெல் அவித்து, காக்காவிடம் கேட்டுக் கேட்டு வாழ்வதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியாது. இவள் சொந்தக் காலில் நிற்க வேண்டும். நான் நிற்கவைப்பேன்.

மே 17

றாஹிலா தைக்கிறாள். அடுத்த வளவு றுகையாவின் மகளுக்குச் சட்டை. படிக்கிற நேரத்தில். மெஷினின் வாரைக் கழற்றி என் அலுமாரியில் வைத்துப் பூட்டினேன்.

அவள் வெட்டின துணியை மடித்து வைத்தாள்.

ஜூலை 2

நோன்பு. தொண்டை வறண்டு கிடக்கிற நேரத்தில் பேராதனையிலிருந்து கடிதம். மூன்றாம் அத்தியாயம் நன்றாக இருக்கிறதாம், ஆனால் முடியவில்லையாம். ஜப்பான் தன் ஒப்பந்தங்களைத் திருத்தி நிமிர்ந்த இடத்தில் நிறுத்திவிட்டீர்கள், வெற்றியில் நிறுத்துவது கதைக்கு அழகு, ஆய்வுக்கு அழகில்லை, கொரியா எங்கே என்று மேற்பார்வையாளர் கேட்கிறார்.

கொரியா எங்கே! இரண்டு வருடம் கழித்துக் கேட்கிறார். நான் எடுத்துக்கொண்டது சுதந்திரத்தைப் பற்றிய சிந்தனை. ஆக்கிரமிப்பு வேறு ஆய்வு, அதை வேறு யாராவது எழுதட்டும். அந்த மனிதர்கள் தங்கள் நாட்டைக் காப்பாற்ற யோசித்தார்கள், அந்த யோசனைதான் எனக்கு வேண்டியது. பிறகு வந்த பட்டாளத்துக்காரர் செய்த அநியாயத்துக்கு இவர்கள் என்ன பொறுப்பு?

பதில் எழுதினேன். கிழித்துப்போட்டேன். நோன்போடு கோபப்படக் கூடாது.

ஜூலை 25

பெருநாளுக்கு ஆதம்பாவாவின் உம்மா பாத்தும்மா வந்தார். பலகாரத் தட்டோடு. நல்ல மனுசி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குள் அத்திவாரமாவது போட்டால் மனம் ஆறும், மற்றப்படி அவசரமில்லை என்றார். அவசரமில்லை என்று மூன்று தரம் சொன்னால் அவசரம் என்று அர்த்தம். சாய்ந்தமருதில் இருந்தும் ஒரு வீட்டார் கேட்கிறார்களாம், அதையும் சொல்லாமல் சொல்லிவிட்டுப் போனார்.

உம்மா என்னைப் பார்த்தார். நான் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் பழம் அடுக்கினேன். ஓகஸ்ட் இதோ வருகிறது. அதற்குள் யாரும் செத்துப்போக மாட்டார்கள்.

ஓகஸ்ட் 6

ரேடியோவில் ஜப்பான். இந்த முறை உண்மையாகவே என் ஜப்பான். அங்கே பாடப்புத்தகங்களில் பழைய யுத்தத்தை மெழுகி எழுதச் செய்கிறார்கள் என்று சீனாவும் கொரியாவும் ஆத்திரப்படுகின்றன. கொரியாவில் ஆட்கள் கடைத்தெருவில் நின்று கத்துகிறார்களாம். ஜப்பான் விட்டுப் போய் முப்பத்தேழு வருடம். இன்னும் ஆறவில்லை.

றாஹிலா சோறு போட்டுக்கொண்டிருந்தாள். "அவங்க என்ன செஞ்சாங்க, ராத்தா?" என்று கேட்டாள். நீ படிக்க வேண்டியது இது இல்லை, உன் பாடத்திட்டத்தில் வராது என்றேன்.

ஓகஸ்ட் 20

சோதினை மண்டபத்தில் மேற்பார்வைக்கு நின்ற கனகசிங்கம் மாஸ்டர் பின்னேரம் வீட்டுக்கு வந்தார். பாண்டிருப்புக்காரர், வாப்பாவோடு ஒன்றாகப் படிப்பித்தவர். இப்படி வந்து சொல்லக் கூடாதுதான், ஆனால் மனம் கேட்கவில்லை என்றார். றாஹிலா அரசறிவியல் தாளில் சுட்டெண்ணை மட்டும் எழுதிவிட்டு முழு நேரமும் சும்மா இருந்தாளாம். அழவும் இல்லை, தூங்கவும் இல்லை. மணி அடித்ததும் தாளை ஒழுங்காக மடித்துக் கொடுத்தாளாம். சுகமில்லையோ என்று அவர் பயந்துபோனார்.

தேத்தண்ணி குடிக்கச் சொல்லவும் மறந்துபோனேன்.

அவர் போன பிறகு கேட்டேன். கேட்டேன் என்ன, கத்தினேன். றாஹிலா கிணற்றடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். ஆறுதலாகக் கழுவி முடித்துவிட்டுத்தான் திரும்பினாள்.

"மத்தப் பாடமெல்லாம் எழுதினன். உங்கட பாடத்த மட்டுந்தான் எழுதல்ல."

ஏன் என்றேன்.

"பாஸாகினாத்தான் காணி எண்டு சொன்னீங்க. அதுக்கு நான் ஓம் எண்டு சொன்னேனா? காக்கா கதைச்சார், நீங்க கதைச்சீங்க, உம்மா கேட்டுக்கிட்டிருந்தா. என்னட்ட ஆரும் ஒரு சொல்லுக் கேட்டீங்களா, ராத்தா?"

உன்னுடைய நல்லதுக்குத்தானே என்று சொன்னேன்.

"ஓம். காக்காவும் நல்லதுக்குத்தான் சொல்ற."

போய்விட்டாள். நான் கிணற்றடியிலேயே நின்றேன். அடிச்சிருப்பன், கிட்ட நிண்டிருந்தா அடிச்சிருப்பன். நான் தூக்கி வளத்த புள்ள. என்ட பாடம். என்ட பாடத்தில வெறுந்தாள்.

ஓகஸ்ட் 21

ஒரு நாள் முழுக்க யாரோடும் கதைக்கவில்லை.

செப்டெம்பர் 5

சரி, கொரியா. வேறு வேலை செய்ய முடியவில்லை, அதனால் அதையாவது எழுதுவோம் என்று இருந்தேன். பேராதனையில் இரவல் வாங்கிவந்த ஆங்கிலப் புத்தகத்தில் அந்தப் பகுதியை இதுவரை நான் பிரிக்கவே இல்லை. தாள்கள் ஒட்டிக்கிடந்தன.

1876. ஜப்பான் கப்பல்களைக் கொண்டுபோய் நிறுத்திக் கொரியாவோடு ஒரு ஒப்பந்தம் செய்கிறது. அதன் முதலாம் பிரிவு என்ன சொல்கிறது? கொரியா ஒரு சுயாதீன நாடு, ஜப்பானுக்குச் சமமான உரிமை உள்ள நாடு. வாசித்துவிட்டு நல்ல வசனம் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கீழே போனால், கொரியத் துறைமுகத்தில் குற்றம் செய்கிற ஜப்பானியனைக் கொரியா விசாரிக்க முடியாது. வெள்ளைக்காரன் ஜப்பானுக்குச் செய்தது அப்படியே. தன் கழுத்தில் கிடந்த கயிற்றை இன்னும் கழற்றி முடியவில்லை, அதற்குள் அடுத்தவன் கழுத்துக்கு அளவெடுத்தாயிற்று. கேட்டால், உன் சுதந்திரத்துக்காகத்தான். கொரியா இன்னும் பக்குவப்படவில்லை, விட்டால் வேறொருத்தன் விழுங்கிவிடுவான், நாம்தான் கைபிடித்து நிமிர்த்த வேண்டும். 1905இல் கொரியா ஜப்பானின் பாதுகாப்பில். 1910இல் கொரியா என்று ஒரு நாடே இல்லை.

இதைச் சொன்னவர்கள் எல்லாம் பட்டாளத்துக்காரர் இல்லை. மனிதன் தன் காலில் நிற்க வேண்டும் என்று எழுதியவர்களுக்குள்ளேயே இப்படிக் கதைத்தவர்கள் இருந்தார்கள். ஜூலையில் நான் அவர்களுக்காக வக்காலத்து வாங்கினேன்.

எழுதிக்கொண்டு போனவள் பேனையைக் கீழே வைத்துவிட்டேன். பக்குவப்படவில்லை. முதலில் பாஸ் பண்ணட்டும். சொந்தக் காலில் நிற்க வேண்டும், நான் நிற்கவைப்பேன். இதெல்லாம் என் வாய். யாரோ ஒரு ஜப்பான் மந்திரியுடையது இல்லை.

மெஷின் வாரை எடுத்துக்கொண்டுபோய் மெஷின் மேல் வைத்துவிட்டு வந்தேன். றாஹிலா வீட்டில் இல்லாத நேரம் பார்த்துத்தான் வைத்தேன். முகம் பார்த்துக் கொடுக்கத் துணிவு இல்லை.

செப்டெம்பர் 12

இன்னும் காக்காவிடம் போகவில்லை. போய்ச் சொன்னால் நான் தோற்றதாகும் என்று ஒரு மனம். யாரிடம் தோற்பது? இருபது வயதுப் பிள்ளையிடமா? ஒப்பந்தம் திருத்த நாற்பது வருடம் இழுத்தடித்தவர்களும் இப்படித்தான் நாள் கடத்தியிருப்பார்கள்.

அக்டோபர் 3

ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்து அக்கரைப்பற்றுக்குப் போனேன். தனியாகத்தான், பஸ்ஸில். நிபந்தனை ஒன்றும் இல்லை, பாதி வளவை எழுதித் தருகிறேன் என்றேன். காக்கா என்னை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. ஆதம்பாவாவுக்குச் சாய்ந்தமருதில் முடிவாகிவிட்டதாம். "எத்தின மாசம் அவங்க காத்திருக்கிற? நீ படிச்ச பொம்பிளை, உனக்கு நாங்க சொல்லித்தாறதா?"

திரும்பி வரும்போது எனக்குக் கல்முனைச் சந்தியில் இறங்க மனமில்லை. பஸ் இப்படியே மட்டக்களப்புக்குப் போய்விடட்டும் என்று இருந்தது.

றாஹிலாவிடம் சொன்னேன். துணி வெட்டிக்கொண்டிருந்தாள். "ஓம், தெரியும். பெருநாளுக்கு முந்தியே தெரியும்" என்றாள். அவரைப் பிடித்திருந்ததா என்று கேட்டேன். இதைக் கேட்க எனக்கு எட்டு மாதம் எடுத்திருக்கிறது. கத்தரிக்கோலை நிறுத்தினாள். பிறகு வெட்டினாள்.

பாவி நான். என்ன செஞ்சி வெச்சிரிக்கன்.

அக்டோபர் 17

தேர்தல் ஒலிபெருக்கிகள் காதை அடைக்கின்றன. அந்தச் சத்தத்துக்குள் காணி எழுத நொத்தாரிசிடம் போனோம். காக்கா வேண்டாம் என்று ஆள் அனுப்பியிருந்தார். இப்போது எதற்கு அவசரம், மாப்பிள்ளை வரட்டும், வந்த பிறகு எழுதலாமாம். என் வசனத்தையே கொஞ்சம் மாற்றி எனக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

நான் கையெழுத்து வைத்தேன். நொத்தாரிசு றாஹிலாவைப் பார்த்து, இந்தக் காணியை ஏற்றுக்கொள்ள உங்களுக்குச் சம்மதமா என்று கேட்டார். சட்டப்படி கேட்க வேண்டும், கேட்டார், அவ்வளவுதான். றாஹிலா ஜன்னலால் வெளியே பார்த்தாள். நொத்தாரிசு பேனையை மூடித் திறந்தார். "சம்மதம்" என்றாள் பிறகு.

வீட்டுக்கு வந்ததும் கட்டிப்பிடித்து அழுவாள் என்று நினைத்தேனா? நினைத்தேன்தான். அவள் முகத்தைக் கழுவிவிட்டுத் தொழப் போனாள்.

நவம்பர் 7

அவளுடைய பாதியில் எழுபத்தெட்டுச் சூறாவளிக்குக் கூரை பறந்த பழைய குசினி ஒன்று கிடக்கிறது. அதற்கு முகடு போட்டு, புதுக் கிடுகு வேய்ந்து, றாஹிலா மெஷினையும் எடுத்துக்கொண்டு அங்கே போய்விட்டாள். குமர்ப்பிள்ளை தனியே இருப்பதா என்று உம்மாவும் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னால் போய்விட்டார். காக்கா வந்து றோட்டில் நின்று ஏசினார். ஊர் கதைக்கிறது. கதைக்கட்டும் என்று நான் சொல்லலாம், எனக்குக் கலியாணம் முடிந்துவிட்டது. அவளுக்கு இனி ஒரு இடம் வருமா?

கொரிய அத்தியாயத்தை முடித்து நேற்றுத் தபாலில் போட்டேன். இதுவரை எழுதியதில் அதுதான் நன்றாக வந்திருக்கிறது. அதுவும் ஒரு வெட்கம்.

நவம்பர் 8

இரண்டு ஆள் வந்து எல்லையில் கம்பு நட்டு வேலி கட்டுகிறார்கள். அவள்தான் கூப்பிட்டிருக்கிறாள். கடப்பு வைக்கவில்லை. ஒரு வளவுக்கும் மற்ற வளவுக்கும் ஆள் போய்வர எந்த வேலியிலும் ஒரு கடப்பு விடுவது வழக்கம், ராத்தா தங்கச்சி வேலியில் சொல்லவே வேண்டாம். உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து சொன்னார். ஏன் புள்ள கடப்பு விடல்ல என்று கேட்டதற்கு, "யோசிச்சித்தான் சொல்லணும்" என்றாளாம்.

இவர் வேலி கட்டுகிறவர்களுக்குத் தேத்தண்ணி கொண்டுபோய்க் கொடுத்தார். நான் குசினி ஜன்னலைச் சாத்திக்கொண்டு அழுதேன். இதுக்கா நான் கையெழுத்து வெச்ச? – இதுக்குத்தான். வேற எதுக்கு.

நவம்பர் 9

வேலி முடிந்தது. நேராகக் கட்டியிருக்கிறார்கள்.

டிசம்பர் 13

பேராதனையிலிருந்து கடிதம். ஆய்வை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். சின்னத் திருத்தங்கள் மட்டும். இவர் கந்தோரில். வாசித்துவிட்டு முற்றத்தில் இறங்கினேன். வேலிக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடுகிற சத்தம். இங்கிருந்து ஒரு சத்தம் வைத்தால் அவளுக்குக் கேட்கும். வாயைத் திறந்துவிட்டு மூடிக்கொண்டேன்.

முக்காட்டைப் போட்டுக்கொண்டு றோட்டுக்கு வந்து, சேற்றுக்குள்ளால் ஒழுங்கையைச் சுற்றிப் போய், அவளுடைய வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். மெஷின் நின்றது.

"ஆரு?"

என் குரல் அவளுக்குத் தெரியாதா? தெரியும்.

"நான்தான். உள்ள வரலாமா?"

உள்ளே உம்மா என்னவோ முணுமுணுத்தார்.

"கொஞ்சம் நில்லுங்க ராத்தா. இந்தச் சட்டைக் கையைத் தைச்சி முடிச்சிட்டு வாறன்."

மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியது. மழை தூறியது. நான் நின்றேன்.